கட்டிப் பார்ப்பதும் பார்த்துக் கட்டுவதும்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் இரார். இரண்டும் கைப்பொருளையும் பொறுமையையும் ஒருசேரச் சோதிக்கும் செயல்கள் என்பதே அதன் கருத்து. 'கட்டிப் பார்' என்பதில் வரும் 'பார்', முயன்று பார் என்னும் பொருளது. எனினும் அச்சொல்லுக்குக் கண்ணால் காணுதல் என்னும் நேரான பொருளும் உண்டன்றோ? வீடு கட்டுகிறவர் தம் வீட்டைப் பார்க்கக் கடமைப்பட்டவரா? பார்த்ததில் ஒரு குறை தென்பட்டால் அதைச் சொல்லக் கடமைப்பட்டவரா? சொன்னால் ஒருவருக்குக் கூலி போகும், மற்றொருவருக்கு முகம் வாடும், நமக்கே பணமும் நாளும் செலவாகும் என்றால், அப்போதும் சொல்லத்தான் வேண்டுமா? பொறியாளரின் கேள்விகளாகத் தோன்றும் இவை உண்மையில் மனச்சான்றின் கேள்விகள். அவற்றையே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

குரோம்பேட்டை இரயில் நிலையத்திற்குக் கிழக்கே, அஸ்தினாபுரத்தின் தெருக்களில் நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு மனையில் கம்பி கட்டுவதையோ தளம் போடுவதையோ காணாமல் திரும்புவது அரிது. ஒற்றைத் தளமாய் இருந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இரண்டு, மூன்று தளங்கள் எழும்புகின்றன. வங்கிக் கடன், சேமநல நிதி, அடகு வைத்த நகை, வெளிநாட்டில் உழைக்கும் மகன் அனுப்பும் பணம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீடாகிறது. நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு இதுவே. ஆயினும் விந்தையைப் பாருங்கள். புடவை எடுக்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கும்போது திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். குடும்பம் முழுவதையும் தாங்கப்போகும் தூணை மட்டும் நாம் பார்ப்பதில்லை.

இந்நிலத்தின் இயல்போ நம்மைப் பார்க்கச் சொல்கிறது. ஒருபுறம் பல்லாவரம், பரங்கிமலையின் கருங்கற்பாறை. மறுபுறம் நெமிலிச்சேரி, சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளும் அவற்றைச் சார்ந்த தாழ்நிலமும். களிமண் நீர் கண்டால் உப்பும், வெயில் கண்டால் சுருங்கும். அதன்மேல் நிற்கும் சுவரும் அதனோடு அசையும். 2015 டிசம்பர் முதல் நாளும் இரண்டாம் நாளும் சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. நீர் தன் பழைய வழிகளை மறக்கவில்லை என்பதை அன்று கண்டோம். 'பக்கத்து மனைக்காரர் நான்கடி தோண்டினார், நமக்கும் அதுவே போதும்' என்று சொல்வதற்கு இடம் தராத மண் இது.

மூடப்படும் குறைகள்

கட்டடக் குறைகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவை கண்ணுக்குத் தெரியும் காலம் மிகக் குறுகியது. வானம் தோண்டிய அன்று மண்ணின் தன்மை தெரியும். சில நாள்களில் காங்கிரீட் அதை மூடிவிடும். தளத்தின் கம்பிகள் ஒருநாள் மாலை வரை எண்ணத்தக்கவையாய்க் கிடக்கும். மறுநாள் அவற்றை எவரும் எண்ண இயலாது. பலகையைப் பிரித்த காலையில், தூணின் அடியில் ஜல்லி தனித்தனியே நீட்டிக்கொண்டு தேன்கூடு போலத் துளைகள் தெரியும். மாலைக்குள் சிமெண்டுப் பாலைத் தீற்றினால் அத்தூண் பார்வைக்குப் பழுதற்றதாகிவிடும். துளை மறைந்ததேயன்றிப் போய்விடவில்லை. அதன் வழியே ஈரம் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்பது. ஆகவே அது காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். அதற்குப் பத்து ஆண்டும் ஆகலாம். அப்போது மேஸ்திரி வேறெங்கோ இருப்பார். வீட்டில் பேரப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

இக்குறைகளைக் காணப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் கட்டைகள் வைத்திருக்கிறார்களா? தூணுக்கு நாற்பது மில்லிமீட்டர், தளத்திற்கு இருபது மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 456-ஆம் எண் நெறிமுறை. கலவை எளிதாய் ஓட வேண்டுமென்று தண்ணீரைக் கூட்டுகிறார்களா? தேவைக்கு மேற்பட்ட நீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளைகளாகும். போட்ட காங்கிரீட்டை ஏழு நாளேனும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் பத்து நாளேனும் ஈரம் உலராமல் காக்கிறார்களா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் நம் புறநகரில் முதலில் குறைக்கப்படுவது இந்த நனைப்புத்தான். தளத்தின் அடியில் நிற்கும் முட்டுகளை, அடுத்த வீட்டு வேலைக்குத் தேவை என்பதற்காக முன்னதாகவே பிரிக்கிறார்களா? இரண்டு செங்கற்களைத் தட்டினால் மணியோசை எழுகிறதா, மண்ணோசை எழுகிறதா? கண்ணும் காதும் உள்ள எவரும் கேட்கத்தக்க கேள்விகள் இவை. உரியவரிடம் கேட்டு விடை பெறுவதற்கு நேரம் வேண்டும், மனமும் வேண்டும்.

மௌலிவாக்கத்தின் பாடம்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. நம் புறநகருக்குத் தொலைவில்லாத மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது அப்படியே அமர்ந்து நொறுங்கியது. 61 பேர் இறந்தனர். அவர்களுள் மிகப் பலர், தாம் ஒருநாளும் குடியிருக்கப்போகாத வீடுகளைக் கட்டுவதற்காக ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். இடி விழுந்ததே காரணம் என்ற பேச்சும் தொடக்கத்தில் எழுந்தது. நீதிபதி இரகுபதியின் விசாரணை ஆணையமோ, கட்டடத்தின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைபாடுகளையே சுட்டியது. அதன் இணையாக எழும்பி நின்ற மற்றொரு கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

மனிதர் செய்த குறையை வானத்தின் மேல் சுமத்துவது புதிய பழக்கமன்று. ஆண்டவர் இயேசுவின் காலத்தில் சீலோவாமில் கோபுரம் ஒன்று விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டனர். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகளாய் இருந்ததனால்தான் அவ்வாறு நேர்ந்ததென்று எண்ணுகிறீர்களா என்னும் பொருளில் ஆண்டவர் வினவி, அவ்வெண்ணத்தை மறுத்ததை லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் காண்கிறோம். இறந்தவரின் கணக்கை ஆராய்வதை விடுத்து, உயிரோடிருப்போர் மனம் மாற வேண்டும் என்பதே அங்கு அவர் விடுக்கும் அழைப்பு. மௌலிவாக்கத்திற்கும் அவ்வழைப்பு பொருந்தும். மாண்டவரின் விதியைப் பேசுவது எளிது. நாம் கட்டும் விதத்தை மாற்றிக்கொள்வதே கடினம்.

கட்டடம் எழும்பும்போதே அதன் முகப்பில் திருஷ்டிப் பூசணிக்காயையும் படிகாரத்தையும் தொங்கவிடும் வழக்கம் நம் தெருக்களில் உண்டு. கிறிஸ்தவ இல்லங்களும் இதற்கு முற்றிலும் விலக்கல்ல. கண் பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறோம். உண்மையில் ஒரு வீட்டுக்கு நேரும் பெருந்தீங்கு, அதன்மேல் எவர் கண்ணும் படாமற்போவதே. உடையவரின் கண் படட்டும். பொறியாளரின் கண் படட்டும். விவரம் தெரிந்த உறவினரின் கண்ணும் படட்டும். அதனால் வீட்டுக்குக் கேடு வராது.

நம்பிக்கை என்னும் போர்வை

'மேஸ்திரி நமக்கு வேண்டியவர். நின்று பார்த்தால் மனம் நோவார். நம்பித்தானே கொடுத்தோம்' என்று சொல்வோர் உளர். இச்சொற்களில் ஒரு நற்பண்பு இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஐயமே வாழ்வாகக் கொண்டவர் எந்த உறவையும் கட்ட இயலாது. ஆனால் நம்பிக்கை வேறு, பாராமுகம் வேறு. பிள்ளையை நம்புகிற தாய் அவன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கிறாள். நோயாளி நம்புகிற மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்கிறார். பார்ப்பதனால் நம்பிக்கை குறைவதில்லை. பார்த்த பின்னும் நிலைப்பதே நம்பிக்கை. நம்மிற் பலர் 'நம்புகிறோம்' என்று சொல்லும்போது, 'பார்க்க அஞ்சுகிறோம்' என்பதே உண்மை. பார்த்தால் குறை தெரியக்கூடும். தெரிந்தால் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்தால் குடிபுகும் நாள் தள்ளிப்போகும். ஆகவே தெரியாதிருப்பதை நாமே தேர்ந்துகொள்கிறோம். இவ்வாறு வேண்டுமென்றே தேடிக்கொள்ளும் அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை என்பது திருச்சபையின் ஒழுக்கநெறிப் போதனை. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவ அறிக்கை செய்கையில், சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு கடமையில் தவறுவதையும் சேர்த்துச் சொல்வது இதனாலன்றோ?

சுவரைப் பார்க்க வந்த குரு

விவிலியத்தில் பலரும் வாசியாது கடந்துசெல்லும் பகுதிகளுள் ஒன்று லேவியர் நூலின் பதினான்காம் அதிகாரம். தன் வீட்டுச் சுவரில் நோய் போன்ற ஒன்று தோன்றுவதைக் கண்ட மனிதன், தானே குருவிடம் சென்று சொல்ல வேண்டும். குரு வந்து பார்ப்பார். பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும் அக்குழிகள் சுவரின் மேற்பரப்போடு நிற்கின்றனவா, உள்ளே ஆழ்ந்து செல்கின்றனவா என்று நோக்குவார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைத்து, மீண்டும் வந்து, அது பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறிந்து, புதுக்கற்களை வைத்துப் புதிதாய்ப் பூசச் செய்வார். அதன்பின்னும் திரும்பி வந்தால், வீடு முழுவதும் இடிக்கப்படும்.

இன்றைய பொறியாளர் சுவரின் வெடிப்பைப் பார்க்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. பூச்சில் வலைபோலப் படரும் மெல்லிய கீறல் பெரும்பாலும் பூச்சோடு நிற்பது. சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, செங்கல் வரிசைகளைப் படிபோல ஏறிச் செல்லும் வெடிப்பு வேறு வகை. கீழே மண் ஒருபுறம் அமிழ்கிறது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்து, அது உடைகிறதா என்று காத்திருந்து பார்ப்பர். மேலோட்டமானதா, ஆழமானதா? நின்றுவிட்டதா, வளர்கிறதா? இவ்விரு கேள்விகளே பழைய குருவின் கேள்விகளும்.

இவை மனச்சான்றுக்கும் உரிய கேள்விகள். எல்லாவற்றையும் பாவமென்று அஞ்சி நடுங்கும் மனச்சான்றும் உண்டு. எதையும் பாவமென்று கொள்ளாத தளர்ந்த மனச்சான்றும் உண்டு. ஒழுக்கநெறி இறையியலாரின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித அல்போன்ஸ் லிகோரியாரே முன்னதன் துன்பத்தை அனுபவித்தவர். மயிரிழைக் கீறலைக் கண்டு உறக்கமிழப்பவரும், தூணில் கை நுழையும் துளையைக் கண்டும் உறங்குபவரும் ஒருவகையில் ஒத்தவரே. இருவரும் உண்மையை அளந்து பார்ப்பதில்லை.

இன்று குருவை அழைப்பது பெரும்பாலும் வீட்டை மந்திரிக்கும் நாளில்தான். அன்று சுண்ணமும் வண்ணமும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். தீர்த்தம் தெளிக்கப்படுவது பூச்சின் மேல்; ஆசீரோ முழு வீட்டுக்கும் வேண்டப்படுகிறது. பூச்சுக்கு உள்ளே இருப்பதும் அந்த ஆசீருக்குத் தகுதியாய் இருக்க வேண்டுமல்லவா? உறுதியற்ற சுவருக்கு வெள்ளையடிப்போரை இறைவாக்கினர் எசேக்கியேல் கடிந்துரைத்தார். மழையும் கல்மழையும் புயலும் வரும்போது, பூசிய பூச்சு எங்கே என்று கேட்கப்படும் என எச்சரித்தார். அவர் கண்டித்தது பொய் இறைவாக்கினரை; ஆனால் அவ்வுவமை நம் கொத்துவேலையிலிருந்தே பிறந்தது.

யாருக்கு என்ன கடமை?

குருமடங்களில் ஒழுக்கநெறி கற்பிக்கையில், ஒரு நிகழ்வைக் கற்பனையாக அமைத்து, அதில் யாருக்கு என்ன கடமை என்று ஆராய்வது வழக்கம். நாமும் அவ்வாறு செய்வோம். ஒரு குடும்பத் தலைவர் கீழ்த்தளத்தில் தாம் குடியிருக்கவும், மேல்தளத்தை வாடகைக்கு விடவும் வீடு கட்டுகிறார். பலகை பிரித்த தூணில் துளைகளைக் காண்கிறார். ஓரிடத்தில் கம்பியே தெரிகிறது. 'பூசிட்டா ஒண்ணும் தெரியாது சார்' என்கிறார் மேஸ்திரி. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. முந்திய நாள் வைப்ரேட்டர் பழுதாகி, கம்பியால் இரண்டு குத்துக் குத்தியதோடு நிறுத்திவிட்டார்கள் என்பதை ஜல்லி சுமந்த சித்தாள் பெண்மணி பார்த்திருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை.

இங்கே மூவருக்கும் கடமை உண்டு. ஆனால் ஒரே அளவில் அன்று. அதிகம் கண்டவர் சித்தாள். சொல்வதற்குச் சிறிதும் வலிமை இல்லாதவரும் அவரே. சொன்னால் மறுநாள் வேலை இராது. ஆகவே அவர் பேசுவதற்கு இடமுண்டாக்கும் கடமை மற்ற இருவரையும் சாரும். மேஸ்திரி தம் தொழிலுக்குக் கடமைப்பட்டவர். தளர்ந்த ஜல்லியைக் கொத்தி அகற்றிக் கழுவி, பொறியாளர் சொல்லும் கலவையால் நிரப்ப வேண்டியவர். ஏறத்தாழ மூவாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஹம்முராபி மன்னன் வகுத்த சட்டம், தான் கட்டிய சுவர் சாய்ந்தால் கட்டியவன் தன் பணத்திலேயே அதை உறுதிப்படுத்த வேண்டும் என்றது. வீடு இடிந்து உடையவன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை விதித்தது. அக்கடுமையை நாம் ஏற்கவில்லை; அதனுள் இருக்கும் பொறுப்புணர்வை ஏற்கிறோம்.

வீட்டுக்காரரின் கடமையோ இன்னும் பெரிது. 'என் வீடு, என் பணம்' என்று அவர் சொல்ல முடியாது. ஏனெனில் மேல்தளத்தில் குடியேறப்போகிறவர் இத்தூணைப் பார்த்ததில்லை. கூரைக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லையேல் ஒருவர் விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டைச் சேரும் என இணைச்சட்ட நூல் கற்பித்தது. வீடு நம்முடையது, அதில் வந்துபோவோரின் உயிர் நம்முடையதன்று. புனித தோமா அக்குவினாரும் தம் இறையியல் பெருநூலில், விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என ஆராய்கிறார். மறைந்த குறை வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைக்கக்கூடியதானால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவ்விதி அஸ்தினாபுரத்து வாடகை ஒப்பந்தத்திற்கும் பொருந்தும்.

இன்றைய சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதன் வரம்புக்குட்பட்ட அடுக்ககங்களில், ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிவிக்கப்பட்டால் கட்டி விற்றவரே தம் செலவில் சீர்செய்ய வேண்டும். ஆனால் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் வீட்டுக்கு அத்தகைய காவல் இல்லை. அங்கே காவல், கட்டுகிறவரின் கண்ணும் மனச்சான்றுமே.

கண்டிப்பும் கூலியும்

குறையைக் கண்டபின் அதைச் சொல்லும் முறையும் அறத்தைச் சார்ந்தது. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனித்துப் பேச வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்தார். வேலையாள்கள் நடுவே மேஸ்திரியை இழிவுபடுத்துகிறவர் தூணைச் சீர்செய்வதில்லை. அடுத்த குறையை இன்னும் திறமையாக மறைக்கவே கற்றுக்கொடுக்கிறார். தனியே அழைத்து, இன்ன இடத்தில் இன்ன குறை என்று காட்டி, பொறியாளரையும் வைத்துக்கொண்டு பேசுவதே முறை.

மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது, கட்டுப்படியாகாத அளவுக்கு அடித்துப் பேரம் பேசி வெற்றி கொண்டாடுகிறோம். அந்த வெற்றி சிமெண்டு மூட்டையின் எண்ணிக்கையிலும், கம்பியின் கனத்திலும், நனைக்காத நாள்களிலும் நம்மிடமே திரும்பி வருகிறது. நியாயமான கூலியை மறுத்துவிட்டு நேர்மையான வேலையை எதிர்பார்ப்பவர், குறை நேரும்போது தமக்கும் அதில் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. வேலையாளுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதினார். சில வேளைகளில் அது சுவரின் வெடிப்பு வழியாகவும் குரலெழுப்புகிறது.

பாறைமேல் கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் பற்றிய உவமையை நாம் அறிவோம். மத்தேயு கூறாத ஒரு செய்தியை லூக்கா கூறுகிறார்: அறிவுள்ளவன் ஆழமாகத் தோண்டினான். நாசரேத்தூரில் தச்சராய் உழைத்தவர் சொன்ன உவமை இது. இரண்டு வீடுகளும் வெள்ளம் வரும்வரை ஒன்றுபோலவே நின்றிருக்கும். தெருவில் போவோர்க்கு வேறுபாடு தெரிந்திராது. வண்ணம் அழகாய் இருந்த வீட்டையே புகழ்ந்திருக்கவும் கூடும். ஆனால் அவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. குழி திறந்திருந்த காலம் அது.

அக்குழியை நம் கொத்தனார்கள் 'வானம்' என்றே அழைக்கிறார்கள். வீடானாலும், திருமணமானாலும், பிள்ளை வளர்ப்பானாலும், வானம் திறந்திருக்கும் நாள்கள் சிலவே. அந்நாள்களில் அருகே நின்று பார்ப்பதும், கண்ட குறையை அன்போடு சொல்வதும், சொல்லக் கேட்டால் ஏற்றுத் திருத்துவதும் நம் கடமை. மூடிய பின் வருந்துவதைக் காட்டிலும், மூடுமுன் ஒருநாள் வேலையை நிறுத்திவைப்பது எவ்வளவோ மேல். பார்த்துக் கட்டுவோம். அதன்பின் ஆண்டவரின் ஆசீரை முழு மனத்தோடு கேட்போம்.